மூன்றாம் சிலிண்டரும் அளக்கப்படாத அழுத்தமும்

அக்காவின் காருக்கு அந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட்டின் மொத்தத் தொகை 61,400 ரூபாய். இஞ்சினின் மேல்பகுதியை மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட்டை இறக்கிச் சரிபார்த்தல், ஹெட் கேஸ்கட், வால்வு சீல்கள், டைமிங் செயின் கிட், இஞ்சின் ஆயில், கூலன்ட், லேத் வேலை, கூலி, வரி என்று ஒன்றரைப் பக்கத்துக்கு வரிகள் ஓடின. கண்டறியப்பட்ட குறை என்ற கட்டத்தில் மட்டும் ஒரே வரி இருந்தது: மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. எவ்வளவு குறைவு, எப்போது அளந்தார்கள், மற்ற மூன்று சிலிண்டர்களில் எவ்வளவு இருந்தது என்று சொல்ல அந்தத் தாளில் ஓர் எண்கூட இல்லை.

நான் தொழிற்சாலை ஒன்றில் அளவீட்டுக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்பவன். ஒரு பம்ப்பின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று எங்கள் பதிவேட்டில் யாராவது எழுதினால், எந்த கேஜில், எத்தனை மணிக்கு, எவ்வளவு காட்டியது என்பதையும் சேர்த்து எழுதாதவரை மேலதிகாரியின் கையெழுத்து அதில் விழாது. கார் இஞ்சினின் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்தும்போது உண்டாவதும், கேஜ் வைத்து அளக்கக்கூடிய ஓர் அழுத்தம்தான். எண் இல்லாமல் "குறைவு" என்ற சொல்லை மட்டும் எழுதி, அதன் பேரில் அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒப்புதல் கேட்டிருந்ததுதான் எனக்கு முதல் உறுத்தலாக இருந்தது.

நடந்தது இதுதான். அக்கா செங்கல்பட்டுக்கு அப்பால் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியை. தாம்பரத்திலிருந்து நாள்தோறும் தன் காரை ஓட்டிக்கொண்டு போய் வருகிறார். 2018ஆம் ஆண்டு வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. வாரண்டிக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டி உதறத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை, டாஷ்போர்டில் மஞ்சள் நிற இஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. அக்கா ஓரம் கட்டி இஞ்சினை அணைத்துவிட்டு, நிறுவனத்தின் அவசர உதவி எண்ணை அழைத்து வண்டியை டோ செய்யச் சொல்லிவிட்டார். அது மிகச் சரியான முடிவு. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு குறை பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலேயே வெளியேறுகிறது, அது சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்க உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உட்பகுதியையே உருக்கிவிடக்கூடும் என்று பொருள். அந்த நிலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தால், சில ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு உண்மையிலேயே பெரிய செலவாகியிருக்கும்.

மறுநாள் மாலை சர்வீஸ் சென்டரிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. பின்னாலேயே ஒப்புதல் தரச் சொல்லி ஒரு இணைப்பும் குறுஞ்செய்தியில் வந்தது. அதை அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். அக்கா அதைத் தொடாமல் என்னை அழைத்தார். "தம்பி, ஹெட்டையே இறக்கணும்ங்கறாங்கடா. லேட் பண்ணா இஞ்சினே போயிடும்னு சொல்றாங்க. நீ ஒரு தடவை வந்து கேளேன்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சர்வீஸ் அட்வைசர் மரியாதையாகவே பேசினார். இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞர். கையில் டேப்லட், காதில் இன்னொரு வாடிக்கையாளரின் அழைப்பு, எதிரில் டெலிவரிக்குக் காத்திருக்கும் நான்கைந்து பேர். "ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம் சார். மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர் வருது. கம்ப்ரஷன் லாஸ் சார். ஹெட்டை இறக்கினாதான் உள்ள என்னன்னு தெரியும்" என்றார். மிஸ்ஃபயர் என்றால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. ஸ்கேனர் காட்டிய கோடு, அதாவது குறைக்கான குறியீடு, என்ன என்று கேட்டேன். பி0303 என்றார்.

இந்தக் கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் விற்கப்படும் கார்களில் ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை முறை கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், வண்டியின் கணினி பதிந்துவைத்திருக்கும் கோடுகளைப் படிக்கலாம். பி0300 என்றால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை முறையே ஒன்று முதல் நான்கு வரையிலான சிலிண்டர்களில் மிஸ்ஃபயர். கணினி இதை எப்படி அறிகிறது என்றால், இஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தை ஒரு சென்சார் இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் கலவை எரியும் தருணத்தில் அந்தச் சுழற்சிக்கு ஒரு சிறு உந்துதல் கிடைக்க வேண்டும்; மூன்றாம் சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் அந்த உந்துதல் வரவில்லை என்றால் பி0303 பதிவாகிறது. கணினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உந்துதல் ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அந்த "ஏன்" என்பதற்கு மூன்று வாசல்கள் உண்டு. ஸ்பார்க் வராமல் இருக்கலாம்: அதை உண்டாக்கும் பிளக்கோ, பிளக்கின் தலைமேல் உட்கார்ந்து அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலோ, அதற்குப் போகும் வயரோ பழுதாகியிருக்கலாம். பெட்ரோல் வராமல் இருக்கலாம்: பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்தோ அதன் மின்னிணைப்பு அறுந்தோ போயிருக்கலாம். மூன்றாவதாக, உள்ளே வந்த கலவையை அழுத்திப் பிடிக்கும் திறன் சிலிண்டருக்கு இல்லாமல் போயிருக்கலாம்: வால்வு எரிந்திருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், ஹெட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் விட்டிருக்கலாம். முதல் வாசலைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடமும் ஒரு ஸ்பேனரும் போதும். மூன்றாவது வாசலுக்கு இஞ்சினின் தலையையே கழற்ற வேண்டும். வேலை தெரிந்தவர் எவரும் எளிய சோதனையிலிருந்துதான் தொடங்குவார். இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வது இல்லை. ஹெட்டைக் கழற்றிவிட்டால் அதுவரை இருந்த தடயங்களில் பாதி கலைந்துவிடும், பிறகு எது காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது வாசலுக்குப் போனாலும்கூட, கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்திவைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில சுற்றுகள் சுற்றவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜைப் பொருத்தி அளப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் இஞ்சின்களில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை வரும். சரியான அளவு அந்தந்த இஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் சிறிது ஆயிலை ஊற்றி மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. கேஸ்கட் விட்டிருந்தால் கூலன்ட் குறையும், ரிசர்வாயரில் குமிழி வரும், ஆயில் பால் போலக் கலங்கலாம், எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருக்கிறதா என்று காட்டும் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும். இவையெல்லாம் ரகசியமான வித்தை எதுவும் இல்லை. ஐடிஐ படித்து வெளிவரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் அடிப்படைப் பாடம்.

அதனால் அட்வைசரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தீங்களா? நாலு சிலிண்டருக்கும் ரீடிங் எவ்வளவு?" அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, டெக்னீஷியன் பார்த்துவிட்டார், கம்ப்ரஷன் இல்லை என்கிறார் என்றார். ரீடிங்கை எழுதித் தரச் சொன்னேன். மறுபடி உள்ளே போனார். இந்த முறை ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்தார். அனுபவத்தில் சொல்கிறோம், இந்த மாடலில் இது வரக்கூடிய பிரச்சினைதான் என்றார். மூன்றாம் சிலிண்டர் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அந்த மாதிரி மாத்திப் பார்க்கிறதெல்லாம் கம்பெனி ப்ரொசீஜர்ல இல்ல சார். அதெல்லாம் வெளியில செய்வாங்க" என்றார். இந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு பாகம் பழுதா இல்லையா என்று, நல்லதென்று தெரிந்த இன்னொரு பாகத்தோடு இடம் மாற்றிப் பார்த்து அறிவது எந்தத் தொழிலிலும் முதல் படி. அதைத் தெருவோர வேலை என்று ஒதுக்கிவிட்டு, ஹெட்டை இறக்குவதை முறையான வேலை என்று அவர் நம்பிச் சொன்னார்.

அக்கா பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் இரண்டு முறை அழுத்திச் சொல்லப்பட்டது என்னவென்றால், தாமதித்தால் இஞ்சின் முழுவதும் கெட்டுவிடும் என்பது. வண்டி ஓடாமல் நிற்கும்போது கெடுவதற்கு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட அவசரம் நிறையப் பேரை ஒப்புதல் கொடுக்க வைத்துவிடும் என்பதால்தான் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். வண்டி நகராமல் நிற்கிறது என்றால், முடிவெடுக்க வாடிக்கையாளருக்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது.

வண்டியை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னோம். ஆய்வுக் கட்டணமாக 1,180 ரூபாய் கேட்டார்கள். கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டோம். வண்டியை வேலைக்கு எடுத்த விவரம் எழுதிய ஜாப் கார்டின் நகலையும், குறை என்ன என்று அவர்கள் எழுதியிருந்த எஸ்டிமேட்டையும், ஸ்கேனர் அறிக்கையையும் கேட்டோம். முதல் இரண்டும் உடனே கிடைத்தன. ஸ்கேனர் அறிக்கையை வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்றார்கள். நாங்கள் கேட் பாஸில் கையெழுத்துப் போடாமல் நின்றதால், திரையைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்தப் படத்தில் பி0303 என்ற ஒரு கோடு மட்டும்தான் இருந்தது. கம்ப்ரஷன் பற்றி அதில் எதுவும் இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் சாதாரண ஸ்கேனர் கம்ப்ரஷனை அளப்பதில்லை.

வண்டி இன்னொரு டோ வண்டியில் ஏறி, எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனது. தெருவே அவரை பாய் என்றுதான் அழைக்கும். நான் எஸ்டிமேட்டைக் காட்டவில்லை. முன்முடிவு எதுவும் அவருக்கு வேண்டாம் என்று, "மிஸ்ஸிங் அடிக்குது பாய், பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். அணைத்துவிட்டுத் தன் ஸ்கேனரைச் செருகினார். பிறகு இஞ்சின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்து, மூன்றாவது காயிலின் இணைப்பைப் பிரித்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அதன் போல்ட்டைக் கழற்றி, காயிலைச் சற்றுத் திருகி மேலே இழுத்தார்.

காயிலின் கீழ்ப்பகுதியில் பிளக்கைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் உறை இருக்கிறது. அதை டார்ச் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிக் காட்டினார். ரப்பரின் நீளவாக்கில், தலைமுடி அளவுக்கு மெல்லிய ஒரு பழுப்புக் கோடு ஓடியிருந்தது. உறைக்குள் இருந்த ஸ்பிரிங்கின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பிளக்கைக் கழற்றினால், அதன் வெள்ளைப் பீங்கானிலும் அதே இடத்தில் அதே போன்ற ஒரு கோடு. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல், ஈரமும் அழுக்கும் படிந்த பாதை வழியே பக்கவாட்டில் தாவி இஞ்சினின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது என்பதற்கான தடம் அது. பிளக் குழியின் அடியில் துரு படிந்த வட்டமும் இருந்தது. "தண்ணி இறங்கியிருக்கு சார். வாட்டர் சர்வீஸ்ல மேலேருந்து பிரஷர்ல அடிச்சிருப்பாங்க" என்றார். அக்காவின் சர்வீஸ் ரசீதுகளைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது, இதற்கு முந்தைய சர்வீஸில் இஞ்சின் அறையைக் கழுவியதற்குத் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். தண்ணீர் அன்றுதான் இறங்கியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. மழைக்காலத்தில் வேறு வழியிலும் இறங்கியிருக்கலாம். ஆனால் குழியில் தண்ணீர் நின்றிருந்தது என்பதில் ஐயம் இல்லை.

இங்கேயே அவர் முடித்துக்கொண்டிருக்கலாம். முடிக்கவில்லை. மூன்றாவது காயிலைத் துடைத்து இரண்டாவது சிலிண்டரில் பொருத்தி, இரண்டாவதை மூன்றில் பொருத்தி, கணினியில் பதிந்திருந்த பழைய குறியீட்டை அழித்துவிட்டு, சிறிது நேரம் மட்டும் இஞ்சினை ஓடவிட்டார். உதறல் அப்படியே இருந்தது. ஸ்கேனரில் இப்போது வந்தது பி0302. குறை காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை என்றால், காயிலை எங்கே மாற்றினாலும் குறை மூன்றிலேயே நின்றிருக்க வேண்டும். ஹெட்டை இறக்கச் சொன்ன எஸ்டிமேட்டுக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டியதில்லை. ஆனாலும் நான் கேட்டுக்கொண்டதால் கம்ப்ரஷனையும் அளந்தார். வரிசையாக 176, 172, 174, 172 பிஎஸ்ஐ. ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டேன். கேஜின் முள் நிற்கும் இடத்தை நான்கு முறையும் படம் எடுத்தேன்.

புதுக் காயிலைச் சென்னையின் வாகன உதிரிப் பாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில், அதே நிறுவனத்துக்குக் காயில் செய்து தரும் உற்பத்தியாளரின் பெட்டியிலேயே வாங்கினோம். நான்கு பிளக், குழிகளைச் சுத்தம் செய்த கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அன்றிலிருந்து வண்டி அக்காவோடு பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.

இனி நான் சொல்ல விரும்புவது அந்த இளைஞர்களைப் பற்றி. அவர்கள் பொய் சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா என்று என்னால் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. அளக்காமல் முடிவு சொன்னார்கள் என்பது மட்டும் என் கையில் இருக்கும் தாள்களிலிருந்து தெரிகிறது. அது ஏன் நடக்கிறது என்பதற்கு அந்த இடத்தின் ஏற்பாட்டிலேயே காரணங்கள் இருக்கின்றன. புதுக் கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் குறுகியது. கட்டடத்துக்கும் ஊழியர்களுக்கும் ஆகும் செலவைத் தாங்குவதில் சர்வீஸுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அட்வைசருக்கு மாத இலக்கு இருக்கும். எத்தனை வண்டி, ஒரு வண்டிக்கு எவ்வளவு பில், இஞ்சின் டீகார்பனைசிங், ஏசி கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங் போன்ற கூடுதல் வேலைகள் எத்தனை என்று அவர் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வண்டியில் குறையைக் கண்டுபிடிக்கப் பொறுமையாக அரை நாள் செலவிடும் டெக்னீஷியனுக்கு அந்தக் கணக்கில் இடம் இருக்காது.

ஊக்கத்தொகை எப்படி நோயறிதலைக் கெடுக்கும் என்பதற்கு ஊரறிந்த ஒரு நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. 1992ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் நுகர்வோர் துறை, சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் கார் பழுதுபார்ப்பு மையங்களுக்கு வாடிக்கையாளர் போல வேடமிட்ட ஆட்களை அனுப்பிப் பார்த்தது. பெரும்பாலான இடங்களில் தேவையற்ற வேலைகளைச் செய்யச் சொன்னார்கள் என்று குற்றம் சாட்டியது. நிறுவனத்தின் தலைவர், தங்களுடைய ஊக்கத்தொகையும் இலக்கு நிர்ணயமும் தவறுகள் நடப்பதற்கான சூழலை உருவாக்கிவிட்டன என்று வெளிப்படையாகக் கூறி, சர்வீஸ் அட்வைசர்களுக்கான அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். ஆளை மாற்றாமல் ஏற்பாட்டை மாற்றினார்கள் என்பதால்தான் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைவிட எனக்கு அதிகம் உறைத்தது இன்னொன்று. இதே வண்டி வாரண்டியில் இருந்து, இதே ஹெட் வேலைக்கான பணத்தை உற்பத்தி நிறுவனம் டீலருக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், ஒரு வரி எழுதி அனுப்பியிருக்க முடியாது. வாரண்டிக் கோரிக்கைக்குச் சோதனை விவரம், படம், கழற்றிய பாகம் எல்லாம் கேட்கப்படும். போதாவிட்டால் கோரிக்கை திரும்பிவிடும். அதாவது அளப்பதற்கான கருவியும் படிவமும் பழக்கமும் அந்தக் கூரையின் கீழேயே இருக்கின்றன. பணம் கொடுப்பது நிறுவனம் என்றால் ஆதாரம் கேட்கப்படுகிறது. பணம் கொடுப்பது ஒரு பள்ளி ஆசிரியை என்றால் அனுபவத்தில் சொல்கிறோம் என்ற பதில் போதுமானதாகிவிடுகிறது. தன் காசில் வேலை செய்யச் சொல்பவருக்கும் அதே ஆதாரம் காட்டப்பட வேண்டும் என்று கேட்பதில் எந்த அதிகப்படியும் இல்லை.

அப்படியானால் எல்லாரும் வெளிப்பட்டறைக்கே போய்விடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது முடியாத இடங்கள் பெருகிக்கொண்டே வருகின்றன என்பதால்தான் நான் இதை விடாமல் எழுதுகிறேன். பாயிடம் இருக்கும் ஸ்கேனர் இந்த வண்டிக்குப் போதும். புதிய வண்டிகள் பலவற்றில் ஒரு பாகத்தை மாற்றினால் அதை வண்டியின் கணினிக்குப் பழக்கப்படுத்த நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். இந்தப் பூட்டு பற்றி நாட்டில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பதினான்கு கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது, அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. இவை எல்லாம் தேவையானவை. ஆனாலும் ஏர்பேக், பிரேக்கின் மின்னணுப் பகுதி, நிறுவனம் திரும்ப அழைக்கும் குறைகள் போன்றவற்றுக்கு நாம் டீலரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. போகாமல் தப்பிக்க முடியாத இடத்தில் சொல்லப்படும் முடிவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்த பிறகு அக்கா அந்த சர்வீஸ் சென்டரின் ஒர்க்ஸ் மேனேஜருக்கும் உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினார். நான் வரைவு எழுதினேன். அக்கா அதிலிருந்த கோபமான வாக்கியங்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். ஜாப் கார்டு, எஸ்டிமேட், பி0303, காயில் மாற்றிய பின் பி0302, நான்கு ரீடிங்குகள், கழற்றிய காயிலின் படம் ஆகியவற்றை இணைத்து, இரண்டே கேள்விகள் கேட்டிருந்தார். எங்கள் வண்டியில் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யப்பட்டதா? செய்யப்பட்டிருந்தால் அளவுகள் என்ன? ஒர்க்ஸ் மேனேஜர் தொலைபேசியில் அழைத்து, தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குழப்பம், வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக ஒரு வாட்டர் சர்வீஸ் செய்து தருகிறோம் என்றார். அக்கா நன்றி சொல்லி மறுத்துவிட்டு, பதிலை எழுத்தில் கேட்டார். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவோ, புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பி முடித்துவிட்டது.

அதன்பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தோம். வழக்குக்கு முந்தைய சமரச ஏற்பாடு அது. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, ஆனால் நிறுவனத்திடமிருந்து பதிலை வரவழைக்கும். அதற்குப் பிறகுதான் எழுத்தில் ஒரு பதில் வந்தது: எஸ்டிமேட் முதற்கட்டக் கணிப்பு மட்டுமே என்றும், ஆய்வுக் கட்டணம் திருப்பித் தரப்படும் என்றும். பணம் திரும்பி வந்தது. கம்ப்ரஷன் அளக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அந்தப் பதிலிலும் விடை இல்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல் பயன்படும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, டீலர் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை; நாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே செய்யலாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும், இணையவழியிலும் செய்யலாம். ரசீது தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் வகைப்படுத்துகிறது. ஆனால் ஆணையத்தின் முன் நிற்கும்போது நம் கையில் இருக்க வேண்டியவை தாள்கள்: தேதியிட்ட ஜாப் கார்டு, எஸ்டிமேட், ஸ்கேனர் திரையின் படம், இரண்டாவது கருத்தை எழுத்தில் கொடுத்த மெக்கானிக்கின் ரசீது, கழற்றிய பாகம். வண்டியை வெளியே எடுக்கும் முன்பே இவற்றைக் கேட்டு வாங்குவது எளிது. வெளியே வந்தபின் கேட்டால் தேடிப் பார்க்கிறோம் என்பார்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதச் சொல்வது எல்லாவற்றிலும் பயனுள்ளது. அந்த வரி எழுதப்பட்டதும், தேவையில்லாத பாகம் ஒன்று பட்டியலில் இருந்தால் அது தானாகவே கழன்றுவிடுவதை நான் வேறொரு சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

அக்கா ஆணையத்துக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். பெரிய இழப்பு நேரவில்லை, பள்ளித் தேர்வு நேரம் என்பது அவருடைய காரணம். அது அவருடைய வண்டி, அவருடைய முடிவு. நான் நிறுவனத்துக்கு என் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் எந்த எஸ்டிமேட்டிலும் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவையும், அளந்தவரின் பெயரையும், தேதியையும் எழுதுவதற்குக் கட்டங்கள் இருக்க வேண்டும். அவை நிரப்பப்படாதவரை வாடிக்கையாளருக்கு ஒப்புதல் இணைப்பு போகாதபடி மென்பொருளை அமைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வாரண்டிப் படிவத்தில் அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கட்டங்கள்தான் அவை. பதில் வந்தால் அதையும் இங்கே எழுதுவேன்.